நடுவில் இறங்கும்

செவ்வாய்க்கிழமை உலர்குப்பையில்
மெழுகு தனியாகத் தெரிந்துவிடும்,
கண்ணுக்கு இல்லை, மூக்குக்கு.
காப்பிக்கொட்டை, எலுமிச்சை,
பெயர் தெரியாத ஒரு பூ.
எட்டாவது மாடியில் எப்போதும் சந்தனம்.
முக்கால்வாசி எரிந்ததும் அவர்களுக்கு அலுத்துவிடுகிறது.
கண்ணாடிக் குப்பியின் அடியில்
இரண்டு விரல் கனத்துக்கு மிச்சம்.

குப்பி சன்னம்மாவுக்கு, எடைக்குப் போடுவாள்.
மெழுகு எனக்கு.
கத்தியால் சுரண்ட வேண்டாம்.
ராத்திரி முழுக்க ரெஜினா வீட்டு ஃப்ரீசரில் இருந்தால்
காலையில் ஒரு தட்டுக்கு
ஒரே துண்டாகக் கழன்று விழும்,
கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறவள் மாதிரி.
ஃப்ரீசர் வாடகை மாதம் இரண்டு மெழுகுவத்தி.

முதல் தடவை நேராக அடுப்பில் வைத்தேன்.
புகைந்தது. குப்பென்று பிடித்துக்கொண்டது.
தண்ணீருக்குப் போன கையை எது தடுத்ததோ,
தட்டைப் போட்டு மூடினேன்.
இடது புருவம் பாதி போனது.
சூப்பர்வைசர் நாகேஷ் ஒரு வாரம்
அந்தப் பாதியைப் பார்த்தே பேசினான்.
இப்போது குண்டானில் தண்ணீர்,
தண்ணீரில் பழைய செர்லாக் டப்பா,
டப்பாவில் மெழுகு.
சோற்றுக்கு உலை வைக்கிற நேரம்தான் ஆகிறது.

எல்லா நிறமும் சேர்ந்தால்
ஈஜிபுரா சாக்கடை நிறம்.
எல்லா வாசனையும் சேர்ந்தால்
கல்யாண மண்டபத்தில் கைகழுவுகிற இடம்.

திரி, பனியனைக் கிழித்துப் பின்னி
உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டது.
அடியில் நிற்க ஒரு நட்டு,
லிஃப்ட் ரிப்பேர்காரன் உதிர்த்துவிட்டுப் போனது.
மேலே சாயாமல் பிடிக்க என் கொண்டை ஊசி.
தயிர் டப்பா சூட்டில் குனிந்துவிட்டது.
பால் டின் நின்றது, கைப்பிடி போன டீக்கப்பும் நின்றது.
ஓட்டையில்லாத இட்லித் தட்டில் எண்ணெய் தடவி
ஊற்றியதுதான் அழகாக வந்தது,
மாதேஷ் சட்னி எங்கே என்றான்.

போன வாரம்
ஒன்பதாவது மாடியிலிருந்து ஓர் ஐந்து வந்தது.
சிவப்பு. ஓரமெல்லாம் தங்கத்தூள்.
திரி வெள்ளை வெளேரென்று,
தீயே படாத ஐந்து.
கூடவே பிரிக்காத காகிதத் தட்டுக் கட்டு,
ஊதாத பலூன் பாக்கெட்.
சன்னம்மா தட்டுகளை எடுத்தாள்.
பலூனை நான் எடுத்துத் திரும்பப் போட்டேன்.
எது எந்தக் கூடைக்கு என்பது மட்டும்தான்
எங்களுக்குக் கேள்வி.

ஐந்தை அரிசி டப்பாவில் நட்டு வைத்தேன்.
ஏன் என்றால் சொல்லத் தெரியாது.
மாதேஷுக்கு ஒன்பது முடிந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் ஆலங்கட்டி மழை.
முதல் கல் விழுவதற்குள் கரெண்ட் போனது.
கையிருப்பு ஒன்றும் இல்லை,
செல்போன் வெளிச்சத்தில் உருக்கி
ஆறு கப் ஊற்றினேன்.

மெழுகுக்கு ஒரு குணம்.
விளிம்புவரை நிரப்பினாலும்
ஆறும்போது நடுவில் இறங்கும்,
திரியைச் சுற்றி ஒரு பள்ளம்.
ஊற்றி முடித்த பிறகும்
கப்புக்கு ஒரு கரண்டி கேட்கும்.
அதை எடுத்து வைக்க நான் மறந்துபோவேன்,
ஒவ்வொரு தடவையும்.

அரிசி டப்பாவைத் திறந்தேன்.

ஐந்துக்கு முதலில் வயிறு இளகியது.
மேல்கோடு கழன்று
கொஞ்ச நேரம் தனியாக மிதந்தது.
தூள் அடியில் தங்கியது.
நாலு பள்ளம் நிறைந்தது, ஐந்தாவதில் பாதி.
சாக்கடை நிறத்துக்கு நடுவில்
சிவப்பாக ஒரு பொட்டு.

பதினோரு மணிக்குக் கரெண்ட் வந்தது.
வகுத்தல் கணக்கு மீதி வராமல்
நோட்டின்மேலேயே தூங்கியிருந்தான் மாதேஷ்.
குனிந்து ஊதி அணைத்தேன்.

அணைந்த அந்த நொடி
யாராவது கைதட்டுவார்கள் போல இருந்தது.

ரெஜினா வீட்டில்
மோட்டார் போட்டார்கள்.